தொல்லை தராத கட்டி

விளக்கணைத்த ஸ்கேன் அறையில் மூன்று பேர்: டாக்டரம்மா, அவள் கணவன், நர்ஸ். திரையின் சாம்பல் வெளிச்சம் கனவில் வரும் குளம்போல அசைந்துகொண்டிருந்தது.

"தைராய்டுல கட்டியா?" கணவன் திரையை எட்டிப் பார்த்தான்.

"வயசாக ஆக, ஊர்ல பாதிப் பேருக்கு வரும். தொல்லை பண்ணாத கட்டியை நாமளும் தொல்லை பண்ணக் கூடாதுன்னு தினமும் பத்துப் பேருக்குச் சொல்றேன்" என்றாள் டாக்டரம்மா.

"அப்போ வீட்டுக்குப் போலாமா?"

"இருங்க. இதுக்கு ஓரமெல்லாம் பிசிறு. உள்ளே வெள்ளைப் புள்ளி வேற. ஒன்றரை சென்டிமீட்டர். ஊசியால கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பார்த்தே ஆகணும்."

"புற்றா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் ஊசி. அதுவா இருந்தாலும் பெரும்பாலும் குணமாயிடும்."

நர்ஸ் பஞ்சை நீட்டினாள். டாக்டரம்மா தன் கழுத்திலிருந்து ஸ்கேன் கருவியை எடுத்துவிட்டு ஜெல்லைத் துடைத்துக்கொண்டாள்.

"கழுத்தைப் பாரு பாருன்னு ஆறு மாசமா கெஞ்சினேனேடி!"

"வலிக்கலையேன்னு பாக்காமலே விட்டுட்டேங்க. ஊருக்குத்தான் உபதேசம்."

ஊசி போட்டு எடுக்கும் பக்கத்து அறையிலிருந்து, "அடுத்த பேஷண்ட் வரலாம்" என்று குரல் வந்தது.

வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கணவனிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்தித் தாழிடப்பட்டது.