ஈரத் தொப்பி

காலையில் எழுந்தான். பல் துலக்கினான். தண்ணீர் சுடவைத்தான்; காபிக்குக் கொஞ்சம், சலவைக்கு மீதி. பெரட் தொப்பிகளைத் துவைத்துத் தருவது அவன் தொழில். அந்த வட்டக் கம்பளித் தொப்பி தலையில் இருந்தபடியே காய்ந்தால்தான் வடிவம் நிற்கும்.

முதலில் ஓவியருடையது. ஜன்னலோர நாற்காலிக்குக் கொண்டுபோய், பின்னால் தள்ளி மாட்டினான்.

"இதைப் போட்டா சுவரெல்லாம் கிறுக்கணும்னு தோணுது," என்றாள் மனைவி.

"வாடகை வீடு. கையை வச்சுக்கிட்டு சும்மா இரு."

வெயில் நகர்ந்தது. அடுத்தது பள்ளிக்கூடச் சிறுமியுடையது.

"அப்ப வீட்டுப்பாடம் நீங்கதான் எழுதணும்."

கடைசியாக ராணுவக்காரியுடையது. வலப்பக்கம் சரித்து மாட்டினான்.

"இனி எனக்கு சல்யூட் அடிங்க."

"இத்தனை நாள் வேற என்ன பண்ணினேன்?"

"கழுத்து வலிக்குது. எந்திரிக்கட்டுமா?"

"இன்னும் காயல."

காய்ந்துதான் இருந்தது. அவள் எழுந்துவிடக் கூடாதென்று மறுபடி தண்ணீர் தெளித்தான்.

ராணுவக்காரி உள்ளே வந்தாள். "அணிவகுப்புக்கு நேரமாச்சுண்ணே," என்று தொப்பியைத் தானே எடுத்துக்கொண்டாள். "இன்னும் ஈரமா இருக்கே. இந்த மரத்தலை எங்க வாங்கினீங்க? கண்ணு மூக்குகூட இல்ல."

அவள் போனபின் நாற்காலி பேசவில்லை.

மனைவி சாலை விபத்தில் இறந்து ஆறு மாதமாகிறது. அவளுக்கும் சேர்த்து அவனே பேசிவந்தான். விபத்து நடந்த அன்று, தன் தலையிலிருந்த ஈரத் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்துவிட்டுத்தான் அவள் கடைக்குக் கிளம்பினாள். உண்மையில் அவள் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"கொஞ்ச நேரம் நீங்க போட்டுக்கிட்டு உட்காருங்க. காயறதுக்குள்ள வந்துடறேன்."