அண்ணனுக்கு ஏ குரூப்

அண்ணி மறுபடியும் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

காலையிலிருந்து இதே வேலைதான். சோப்பைத் தேய்க்கிறாள், அலசுகிறாள், துடைக்கிறாள். அடுப்பு வரை போய்விட்டுத் திரும்பவும் குழாய்க்கே வருகிறாள். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

சமையலறை வாசலில் நின்ற கொழுந்தனுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கொரோனா காய்ச்சல் முதலில் அவளுக்குத்தான் வந்தது. தொண்டைக் கரகரப்பு, கொஞ்சம் உடம்பு வலி, அத்தோடு சரி.

அடுத்து அண்ணன் படுத்தான். ஃபிரிட்ஜை ஒற்றை ஆளாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிற மெக்கானிக். ஜலதோஷம்கூடத் தன்னிடம் வாடகைக்கு வராது என்று பீற்றிக்கொள்வான். அவனுக்குப் பாத்ரூம் வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. உடலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை.

நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அழவும் இல்லை. கையைத்தான் கழுவினாள்.

ஒரே வீட்டில் ஒருத்தருக்கு இருமலோடு போவது இன்னொருத்தர் உயிரை ஏன் வாங்குகிறது என்று கொழுந்தன் டாக்டரிடமே கேட்டிருந்தான். வயது, சர்க்கரை, இதயம் என்று அவர் அடுக்கினார். ரத்த வகைக்கும் சின்னதாக ஒரு பங்கு இருக்கலாம் என்றார். ஏ வகைக்காரர்களை அது கொஞ்சம் கடுமையாகவும் ஓ வகைக்காரர்களை லேசாகவும் தாக்குவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றனவாம். சில ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை, உறுதியாக எதுவும் தெரியாது என்று இழுத்தார்.

அந்த ‘இருக்கலாம்’ என்பதை மட்டும் அவன் ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

போய்க் குழாயை மூடினான்.

“அண்ணி, டாக்டர் தெளிவாச் சொல்லிட்டாரு. எல்லாம் ரத்தம் பண்ற வேலை. உங்களுக்கு ஓ குரூப், லேசா வந்துட்டுப் போயிடுச்சு. அண்ணனுக்கு ஏ குரூப். பஸ்ல தொத்தியிருந்தாலும் சரி, கடையில தொத்தியிருந்தாலும் சரி, விட்டிருக்காது.”

பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது அவனுக்கே.

அவள் ஈரக் கையோடு அவனையே பார்த்தாள். பிறகு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அடக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அழட்டும் என்று அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். நல்ல வேளை, நம்பிவிட்டாள் என்று நினைத்தான்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் கண்ணைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

“ஃபேக்டரியில மெஷின்ல உங்க கை மாட்டினப்ப உங்க அண்ணன்தான் ரத்தம் கொடுத்தாரு. உங்களுக்கு ஓ குரூப், ஓ ரத்தத்தைத் தவிர வேற எதுவும் சேராதுன்னு சொன்னாங்க. நானும் அங்கதான் தம்பி நின்னுட்டிருந்தேன்.”

அவன் தழும்பேறிய கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

“பரவாயில்ல. இன்னொரு தடவை சொல்லுங்க.”