சதுரத்தின் ஆழம்

"ஒரு சதுரம், ஒரு முக்கோணம். இதுக்கு ஒரு பள்ளிக்கூடம், குளிருக்கு ரெண்டு வண்டி விறகு. ஜனங்களுக்கு இது எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க, தோழர் ஸாவெலி."

மாகாணக் கமிட்டி அதிகாரி கிரிவ்ஸோவ், ஓவியப் பள்ளியை இழுத்து மூடும் உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இப்படிக் கேட்டார். ஸாவெலி அந்தப் பள்ளியின் ஓவிய ஆசிரியன். பள்ளி போனால் பழையபடி கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதத்தான் போக வேண்டும். புரட்சிக்குப் பிறகு ஊரில் கடைகளும் இல்லை.

"ஜனங்க வீட்டுக்கே போய்ப் பாத்துடலாம், வாங்க," என்றான்.

நெசவாலைத் தொழிலாளி அக்ஸினியாவின் வீட்டில், கட்சிக்குப் பிடிக்காத புனிதர் படம் முன்பு இருந்த மூலையில், ஸாவெலி வரைந்த சிவப்புச் சதுரம் தொங்கியது. முன்னால் சின்ன எண்ணெய் விளக்கு எரிந்தது.

தெருவில் பாதி வீடுகளில் இப்படித்தான் என்று ஸாவெலி பெருமையடித்துக்கொண்டான். புனிதர்களை அனுப்பிவிட்டுப் புதிய யுகத்தை மாட்டியிருக்கிறார்களாம். ரசனையும் லேசுப்பட்டதில்லையாம். அக்ஸினியா நூலில் முடிச்சுப் போட்டு அளவு கொடுத்தவள். ஒரு விரல் அகலம் குறைந்துவிட்டது என்று முதல் படத்தைத் திருப்பியே கொடுத்துவிட்டாளாம். அன்று இரவு அவனுக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

கிரிவ்ஸோவ் சதுரத்தை நேராகப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் போய் நின்று, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே எட்டிப் பார்த்தார். அக்ஸினியாவின் முகம் வெளுத்தது.

"இதுல என்னம்மா தெரியுது உங்களுக்கு?"

"பாத்துக்கிட்டே நின்னா மனசுக்கு ஒரு தைரியம் வருதுங்க, தோழர்."

"விளக்கு எதுக்கு?"

"இருட்டுல சிவப்பு எடுபடாதுங்களே."

கிரிவ்ஸோவ் வெளியே வந்தார். வாசலில் நின்று உத்தரவை எடுத்து நான்காகக் கிழித்தார். பள்ளி நடக்கட்டும், விறகும் வரும் என்றார். ஸாவெலிக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஜனங்களின் ரசனை அதிகாரியையும் வென்றுவிட்டது.

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு வேணும்," என்று கிரிவ்ஸோவ் பையிலிருந்து முடிச்சுப் போட்ட நூல் ஒன்றை எடுத்து நீட்டினார்.

பிறகு தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பின்பக்கம் மட்டும் மூணு விரல் ஆழம் விட்டுடுங்க. எங்க வீட்டுப் புனிதர் வெள்ளிக் கவசம் போட்டவரு, கொஞ்சம் தடிமனா இருப்பாரு."