தண்ணீர் பாய்ந்த கொல்லை

மூன்றாவது பத்தியில் அமுதம் நின்றுவிட்டாள்.

பாகூர் கொம்யூன் அலுவலகத்தின் முன்னால் போட்டிருந்த பந்தலில் மூவர்ணக் காகிதக் கொடிகள் மட்டும் சலசலத்தன. பிரெஞ்சுக்காரர்களின் ஜூலை பதினான்காம் தேதி விழா. முன்வரிசை நாற்காலிகளில் வெள்ளைச் சட்டைக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால், தரையில், ஊர்.

பள்ளியின் பாட்டுச் சங்கத்திலிருந்து மேடையேறிய பெண்களில் கடைசியாக வந்தவள் அவள். கடலில் போகும் ஒரு கப்பலைப் பற்றிய பிரெஞ்சுப் பாட்டு. ராகம் கிடையாது, ஒப்பிக்க வேண்டும். நன்றாக ஒப்பிக்கும் பெண்ணுக்குப் புதுச்சேரியில் தங்கிப் படிக்க இடம் கிடைக்கும்.

பாதியில் நின்றுவிட்டால் ஆவணியில் கல்யாணம்.

அப்படித்தான் அப்பா உலகநாதனும் தாய்மாமன் சிங்காரவேலுவும் பேசி முடித்திருந்தார்கள். மாமாவின் மகன்தான் மாப்பிள்ளை.

"நல்லா சொல்லிட்டாள்னா படிக்கட்டும் மச்சான். முழிச்சிக்கினு நின்னாள்னா எங்க வூட்டுக்கு அனுப்பிடு" என்று மாமா சொன்னபோது, அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

சங்கத்தின் மற்றப் பெண்கள் சாயங்காலம் பள்ளியில் தங்கிப் பழகினார்கள். அமுதத்தை அப்பா விடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் பெண் வீட்டில் இருக்க வேண்டும் என்றார்.

வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. "இன்னாடி, காத்து அடிச்சவளாட்டம் மொணமொணக்கிற?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்.

மிஞ்சியது விடியற்காலை. அதையும் அப்பா பிடுங்கிக்கொண்டார்.

"கெணத்தாண்ட வந்து மாட்டுக்குப் புல்லு அறு."

படிப்பைக் கெடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று முதல் நாள் அழுதுகொண்டே போனாள்.

அப்பா மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கபிலை ஓட்டினார். மாடுகள் சரிவில் இறங்கினால் தோல் சால் கிணற்றிலிருந்து நிரம்பி மேலே வரும். வாய்க்காலில் கவிழும். அப்புறம் அவர் "ஹோ… ஹோய்… பா, பா" என்று குரல் கொடுப்பார். மாடுகள் பின்புறமாகவே நடந்து மேட்டில் ஏறும், சால் மறுபடி உள்ளே இறங்கும்.

அமுதம் வரப்போரம் குந்தியபடி, அரிவாளும் கையுமாக, முதலில் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டு.

அப்பா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சால் இழுக்கும் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்த அவர் முதுகு மட்டும்தான் தெரியும்.

நாளாக ஆக, சால் மேலே வரும்போது ஒரு வரி வந்தது. தண்ணீர் கவிழும்போது மூச்சு வந்தது. அவர் மாட்டை அழைக்கும்போது அடுத்த வரி எழுந்து நின்றது. அவளுக்குத் தெரியாமலே பாட்டு அப்படிப் படிந்துபோயிற்று.

மேடையில் மாடு இல்லை.

முதல் இரண்டு பத்திகளைப் பயத்தின் வேகத்திலேயே சொல்லிவிட்டாள். இப்போது பயம் தீர்ந்து, கூட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஆசிரியை அடுத்த வரியின் முதல் சொல்லைக் கிசுகிசுத்தாள்.

சொல் அவளுக்கு மறக்கவில்லை. எங்கே மூச்சு எடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

நாற்காலியில் யாரோ இருமினார்கள். தரையில் சிங்காரவேலு மாமா பக்கத்திலிருந்தவரிடம் எதையோ சொல்லிச் சிரித்தார். கெட்டவர் அல்ல. மருமகள் வரப்போகிற சந்தோஷம்.

அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஹோ… ஹோய்… பா, பா, பா…"

பந்தல் முழுக்கச் சிரித்தது. "எவன்டா அது, தொரைங்க முன்னால வந்து மாடு ஓட்றது?" என்று ஒருவர் எழுந்தே பார்த்தார்.

அமுதம் சிரிக்கவில்லை. அவளுக்குள் சால் இறங்கிற்று. தண்ணீரில் மோதிச் சாய்ந்தது. நிரம்பிற்று.

வாயைத் திறந்தாள்.

கப்பல் புறப்பட்டது. புயலைக் கடந்து, பாய் கிழிந்து, கடைசிப் பத்தியில் கரை தட்டும் வரைக்கும் அவள் எங்கும் நிற்கவில்லை. நாற்காலிக்காரர்கள் எழுந்து கை தட்டினார்கள். ஆசிரியை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "பெட்டியைக் கட்டிக்கோடி" என்றாள்.

வீடு திரும்பும் வழியில் அப்பா முன்னால் நடந்தார். நடுவில் மாமா. பின்னால் அமுதம்.

மாமாதான் பேச்சை எடுத்தார். பேசாமல் இருப்பது அவருக்கு ஆகாத காரியம்.

"சரி, படிக்கட்டும். பேச்சு பேச்சுதான். ஆனா ஒண்ணு கேக்கணும் மச்சான். உங் கரும்பு சித்திரையிலயே வெட்டியாச்சு. கொல்லை சும்மாதான் கெடக்குது. அப்பறமும் தெனம் வெடிகாலையில கபிலை ஓட்டிக்கினு கெடந்த. அத்தினி தண்ணியும் பக்கத்துல எங் கொல்லையிலதான் வந்து பாஞ்சுது. எங் கரும்பு ஆளு ஒசரத்துக்கு நிக்குது. வர்ற தண்ணிய வாணாம்னு சொல்லுவனா, நானும் வாயத் தொறக்கல. எதுக்குய்யா எறச்ச?"

அமுதம் நின்றுவிட்டாள்.

கரும்பு வெட்டியதை அவளும்தான் பார்த்தாள். கட்டுக் கட்டாக வண்டியில் ஏற்றியதையும் பார்த்தாள். வாய்க்காலில் போன தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் ஒரு நாளும் பார்க்கவில்லை.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். திரும்பவில்லை. கிணற்றடியில் தெரிந்த அதே முதுகுதான்.

"மாடு சும்மா நின்னா பழக்கம் வுட்டுப்பூடும்" என்றார்.

கொஞ்ச தூரம் போனபின், யாரிடமோ கேட்பதுபோல, "அடுத்த பாட்டு எப்ப குடுப்பாங்களாம்?" என்றார்.