ஹூ போட்டுச் சொல்லுங்க

"இன்னிக்கு ஒருத்தராவது வாயைத் திறந்து இங்கிலீஷ் பேசணும் சார். இல்லேன்னா நாளையிலேருந்து இந்த ரூம்ல தையல் கிளாஸ்தான்!"

தஞ்சாவூரிலிருந்து காரில் வந்து இறங்கிய கையோடு இராஜாங்கம் சொல்லிவிட்டார். பட்டுக்கோட்டையில், தேங்காய் மண்டிக்கு மேல் மாடியில் நடக்கும் அந்தப் பயிற்சி நிலையம் அவருடையது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியார் துரைராசு அவசர அவசரமாகப் பலகையைத் துடைத்தார். மஸ்கட்டில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியவருக்கு, இந்தச் சாயங்கால வகுப்பை விட்டால் வேறு வேலை கிடையாது.

இராஜாங்கம் கடைசி பெஞ்சில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது.

அன்றைய பாடம் ரிலேட்டிவ் ப்ரோனவுன்.

"ஒரு ஆளோட பேர் தெரியலையா? கவலையே வேணாம். 'ஹூ' போடுங்க. 'தி மேன் ஹூ ஸெல்ஸ் கோகனட்.' தேங்காய் விக்கிற மனுஷன். பொருளா இருந்தா 'விச்' போடுங்க. அவ்வளவுதான் சங்கதி. எங்க, யாரு ஆரம்பிக்கிறீங்க?"

யாரும் ஆரம்பிக்கவில்லை. கீழே லாரியில் தேங்காய் ஏற்றும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. ஜெக்கரியா தன் செருப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் ஊர்க்கதையெல்லாம் பேசித் தீர்க்கும் ஃபஹ்மிதாகூட நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இராஜாங்கம் தொண்டையைச் செருமினார். "நான் கேக்குறேன் சார். ஏம்மா, ஜன்னலோரம் உக்காந்திருக்கீங்களே, உங்க பேரு?"

"ஞானாம்பாள்."

துரைராசுவின் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது. இத்தனை பேர் இருக்க, போயும் போயும் ஞானாம்பாளையா எழுப்ப வேண்டும்?

"வீட்டுக்காரர் பேரு என்ன? இங்கிலீஷ்ல சொல்லுங்க பாப்போம்."

ஞானாம்பாள் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"அக்கா புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க ஐயா," என்றாள் ஃபஹ்மிதா. "நாங்களும் கேட்டுப் பாத்துட்டோம். 'அவங்க'ன்னு சொல்லிட்டு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்."

"பேரையே சொல்லாம அவரைப் பத்தி எப்படிம்மா பேசுறது?"

ஞானாம்பாள் பலகையைப் பார்த்தாள். பிறகு துரைராசுவைப் பார்த்தாள். "சார், 'ஹூ' போட்டுச் சொல்லலாமா?"

"இல்ல மேடம், நீங்க வேணும்னா ஆடு, மாடு பத்திச் சொல்லுங்களேன்..."

"நீங்க 'ஹூ'வே போடுங்கம்மா!" என்றார் இராஜாங்கம்.

ஞானாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"மை ஹஸ்பண்ட் இஸ் தி மேன் ஹூ ஆஸ்க்ஸ் காபி வென் ஐ ஸிட்."

"அல்லா! எங்க வீட்டுலயும் அதே கதைதான்க்கா!" ஃபஹ்மிதா கையைத் தட்டினாள். "நாம அக்கடான்னு உக்காந்தாத்தான் இவங்களுக்குத் தொண்டை காயும்!"

"ஹி இஸ் தி மேன் ஹூ பாட் எ மிக்ஸி விச் டஸ் நாட் ரன்."

"வாரண்டி கார்டு இல்லையாக்கா?" என்றான் ஜெக்கரியா.

"ஹி இஸ் தி மேன் ஹூ லாஸ்ட் தி கார்டு!"

வகுப்பு குலுங்கியது. ஞானாம்பாளுக்கும் சூடு பிடித்துவிட்டது.

"ஹி இஸ் தி மேன் ஹூ வென்ட் டு ஸீ தி பம்ப்செட். ஹி இஸ் தி மேன் ஹூ ஃபெல் இன் தி வாய்க்கால் விச் ஹேட் நோ வாட்டர்!"

"மேடம், முழங்காலுக்காவது தண்ணி இருந்திருக்கும்," என்றார் துரைராசு.

"நோ வாட்டர், சார். ஒன்லி சேறு."

"நீங்க ஏன் சார் ஊடால பூந்துக்கிட்டு?" இராஜாங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினார். "அவங்க வீட்டு வாய்க்கால் அவங்களுக்குத் தெரியாதா? நீங்க சொல்லுங்கம்மா!"

"ஐயோ, எனக்கும் ஒண்ணு வருது!" என்று ஃபஹ்மிதா துள்ளி எழுந்தாள். "மை மாமியார் இஸ் தி உமன் ஹூ கௌண்ட்ஸ் மை சப்பாத்தி!" ஜெக்கரியா தன் பங்குக்கு, கடன் கேட்டால் காது கேட்காமல் போகும் சித்தப்பாவை 'ஹூ' போட்டு இழுத்து வந்தான். ஆளாளுக்குக் கையைத் தூக்கினார்கள். மாமனார், மாடு, மின்வாரியம், டவுன் பஸ் என்று ஒன்று பாக்கியில்லை. துரைராசு மட்டும் பலகையோடு பலகையாக ஒட்டிக்கொண்டு, வியர்த்த முகத்தை டஸ்டரால் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, கடைசியா ஒண்ணு சொல்லி முடிங்க," என்றார் இராஜாங்கம்.

ஞானாம்பாளின் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஐ ஸெட், நோ இங்கிலீஷ் ஃபார் மீ. ஹி இஸ் தி மேன் ஹூ ஸெட், யூ கேன். ஹி இஸ் தி மேன் ஹூ புட் மீ இன் திஸ் கிளாஸ்."

அடுத்த நொடி கைத்தட்டல் கீழே மண்டிவரைக்கும் கேட்டது.

இராஜாங்கம் எழுந்து நின்றார். "தையலாவது கியலாவது! இந்த கிளாஸ் நடக்கும் சார். இன்னொரு பேட்ச்சும் சேத்துக்குங்க!"

துரைராசுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நீங்க ஒண்ணு மட்டும் பண்ணுங்கம்மா," என்று ஞானாம்பாளிடம் திரும்பினார் இராஜாங்கம். "நாளைக்கு உங்க வீட்டுக்காரரைக் கையோட கூட்டிக்கிட்டு வாங்க. அந்த மகராசனை நான் நேர்ல பாத்தே ஆகணும்."

"நாளைக்கு எதுக்குங்கய்யா?" என்ற ஞானாம்பாள், பலகைப் பக்கம் திரும்பினாள். "என்னங்க, உங்களைத்தான்! டஸ்டரை வச்சுட்டு இப்படி வாங்க, ஐயா பாக்கணுங்கிறாரு!"