சரக்கறைச் சுவரில் ஓர் ஓட்டை

காட்டோரம் கரடி ஒரு ஓட்டல் நடத்தியது. காக்கை ஆர்டர் எடுக்கும். சுவருக்கு அந்தப்பக்கம் சரக்கறையை எலி பார்த்துக்கொள்ளும்.

ஒருநாள் யானை மசால் தோசை கேட்டது. காக்கை தலையாட்டியது. கல்லில் மாவை ஊற்றிவிட்டுக் கரடி கத்தியது: "டேய் எலி, உருளைக்கிழங்கு எடு!"

"அது காலையிலேயே தீந்துபோச்சே!"

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"யாராவது கேட்டீங்களா?"

யானை கோபமாக எழுந்து போய்விட்டது. எலி அன்றே சுவரைக் குடைந்தது.

மறுநாள் யானை அரைமனதாக வந்தது. காக்கை ஓட்டை வழியாகச் சரக்கறையை எட்டிப் பார்த்தது. "உருளை இன்னும் வரலீங்க. வெங்காயம் நிறைய இருக்கு, ஊத்தப்பம் போடச் சொல்லவா?"

யானை மாவு தீரும்வரை சாப்பிட்டது.

எலி எங்கே குடைந்தாலும் உடனே சிமெண்ட் பூசிவிடும் கரடி, மெதுவாகச் சுவரோரம் வந்து குனிந்தது.

"எலியண்ணே, இன்னும் கொஞ்சம் பெரிசாக் குடைங்களேன். என் தலையும் நுழையணும்."