மூன்றாம் சரணம்

1978-இல் பரவைச் சபைக்கு வந்த புதுப் போதகர் தேவவரம் முதல் ஞாயிறே அசந்துபோனார். பழைய கீர்த்தனை ஒன்றின் மூன்றாம் சரணம் முடிந்ததும் சபையார் பாட்டை நிறுத்தி, துண்டாலும் முந்தானையாலும் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"எதுக்கு இது?"

"ரொம்பக் காலமா இப்படித்தான் ஐயா," என்றார் மூப்பர் ஏசுவடியான்.

போதகருக்குப் புரிந்துவிட்டது. மூன்று சரணம், சிலுவையின் மூன்று ஆணி, பிறகு துக்கம். மறு ஞாயிறு முக்கால் மணி நேரம் அதையே பிரசங்கித்தார். பாதிப்பேர் நிஜமாகவே அழுதுவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் ஒரு கிழவர் வந்தார். முன்பு அங்கே ஆர்மோனியம் வாசித்து, பல வருஷம் கழித்து ஊருக்கு வந்திருந்த ஞானாபரணம்.

"இன்னுமா மூஞ்சிய மூடுறாக? நான் வாசிக்கிறப்ப மூணு சரணத்துக்கு மேல எனக்குத் தாங்காது ஐயா, பெட்டிய நிறுத்திருவேன். மூக்குப்பொடி போட்டுத் தும்முவேன். மேல தெறிக்குமேன்னு மூடுவாக."

போதகர் மெல்ல அங்கியைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார்.